துர்சின் எப்படி அடியில் வந்தான்

சாரிதோபே நிலக்கரிச் சுரங்கக் குடியிருப்பில் ஒராஸ்பெக்கைத் தெரியாதவர்கள் கிடையாது. குளிர்காலத்தில் அவன் தெருவில் வந்தால் எதிரே வருகிறவன் பனிக்குவியலில் ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். சுரங்கத்தில் கொடுக்கிற எந்தச் சட்டைக்கும் அவனால் பொத்தான் போட முடிந்ததில்லை. அவன் மனைவி ஸெய்னெப் இரண்டு சட்டைகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்துக் கொடுப்பாள். குதிரையை அடக்குவதில், வண்டி பள்ளத்தில் சிக்கினால் தூக்கிவிடுவதில், கல்யாண வீட்டில் பெரிய அண்டாவை அடுப்பிலிருந்து இறக்குவதில் எல்லாரும் கூப்பிடுவது அவனைத்தான். குணத்தில் பசு. யாராவது சத்தமாகப் பேசினாலே கண்ணைத் தாழ்த்திக்கொள்வான்.

அவனைக் கேலி செய்வதற்கென்றே பிறந்தவன் போல ஒருவன் இருந்தான், துர்சின். இருவரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒத்த வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் என்ன வேண்டுமானாலும் பேசலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். துர்சின் அந்த உரிமையைத் தினமும் பயன்படுத்திக்கொண்டான். ஆள் ஒல்லி, குள்ளம். ஒராஸ்பெக்கின் அக்குள் உயரம்கூட வரமாட்டான். கம்பிவடத்தில் தொங்கியபடி ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறும்போது எப்போதும் ஒராஸ்பெக்கின் பக்கத்தில்தான் நிற்பான். காற்று அடிக்காது என்பது அவன் சொல்லும் காரணம்.

"ஏய், கூண்டுல ஒட்டகம் ஏறுது, எல்லாரும் ஓரமா நில்லுங்கப்பா," என்பான். "வடம் அறுந்தா உன்னாலதான்டா அறும்."

"அறுந்தா நீயுந்தானே விழுவ," என்பான் ஒராஸ்பெக்.

"நான் ஏன்டா விழறேன்? நான் இறகு மாதிரி ஆடி ஆடி மெதுவா வருவேன். நீ முன்னாடியே போய்க் கீழ விரிச்சுப் படுத்திரு. நான் உம்மேல வந்து சொகமா உக்காந்துக்கறேன்."

கூண்டு முழுக்கச் சிரிக்கும். ஒராஸ்பெக்கும் சிரிப்பான்.

சோவியத் நாடு இல்லாமல் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. சம்பளத்துக்குப் பதில் மாவு மூட்டையும் சர்க்கரையும் கொடுத்தார்கள். புதுக் கம்பிவடம் எங்கிருந்தோ வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது என்று மேலதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார். வடத்தில் பிரிபிரியாக இழைகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் கீழே இறங்குகிறவர்கள் எல்லோரும்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஏறினார்கள். ஏறாவிட்டால் மாவும் இல்லை.

பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை. முதல் வேலை நேரத்துக்கு இறங்குகிறவர்கள் கூண்டில் நெருக்கியடித்து நின்றார்கள். துர்சின் காலுறைக்குப் பதில் காலில் சுற்றியிருந்த துணி பூட்ஸுக்குள் சுருண்டுகொண்டது. கீழே போய்ச் சேருவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று ஒராஸ்பெக்கின் காலடியில் குந்தி உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான்.

"அசையாம நில்லுடா. நீ அசைஞ்சா சுரங்கமே அசையுது," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தான்.

பாதித் தூரம் இறங்கியிருப்பார்கள். மேலே எங்கோ பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். காலுக்கு அடியில் இருந்த தரை இல்லாமல் போயிற்று.

விழுகிறோம் என்று ஒராஸ்பெக்குக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் நின்றுவிட்ட மாதிரிதான் இருந்தது. வாழ்நாள் முழுக்கச் சுமந்த உடம்பு திடீரென்று அவனுக்குக் கனக்கவில்லை. யாருடைய தேநீர்க் குடுவையோ அவன் மூக்குக்கு நேரே அந்தரத்தில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தலைக்கவசம் ஒன்று அதன் பக்கத்தில் மெல்லத் திரும்பியது. துர்சின் உட்கார்ந்த நிலையிலேயே தரையைவிட்டு ஒரு முழம் எழும்பியிருந்தான். ஒரு கையில் கழற்றிய பூட்ஸ். அவனுடைய தலைவிளக்கு ஒராஸ்பெக்கின் முகத்தில் அடித்தது. குடுவை, பூட்ஸ், ஒல்லி, பருமன், எதுவும் எதற்கும் முந்தவில்லை. எல்லாம் ஒன்றாக, ஒரே மாதிரி, பேசாமல் போய்க்கொண்டிருந்தன. ஒராஸ்பெக் கையை நீட்டினான். எதையோ பிடித்தான்.

வடம் அறுந்தால் இருபக்கமும் மேலிருந்து கீழ்வரை நிறுத்தியிருக்கும் மரச்சட்டங்களைக் கவ்விக் கூண்டை நிறுத்துவதற்கு இரும்புப் பற்கள் உண்டு. சுரங்கத்துக்காரர்கள் அதை பாராசூட் என்பார்கள். மரத்தில் பனி உறைந்திருந்ததால் பற்கள் முதலில் வழுக்கின. பிறகு கவ்வின.

எல்லாக் கனமும் ஒரே நொடியில் திரும்பி வந்தது. பல மடங்காக வந்தது. ஒராஸ்பெக்கின் இரண்டு முழங்கால்களும் காய்ந்த சுள்ளி மாதிரி முறிந்தன. அவன் அப்படியே இடிந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தது துர்சினின் மேல்.

அறுந்த வடம் கூண்டின் கூரைமேல் சுருண்டு சுருண்டு விழுந்து ஓய்ந்தது. பிறகு முனகல்கள். யாரோ உக்ரைனிய மொழியில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அது பெத்ரோ, அவனுடைய தோள் கழன்றிருந்தது.

"எழுந்திருடா," என்றான் துர்சின் அடியிலிருந்து.

"முடியலடா. கால் வரமாட்டேங்குது."

"உருளவாவது உருளு."

ஒராஸ்பெக் கைகளை ஊன்றித் தள்ளிப் பார்த்தான். மேலே இன்னும் இரண்டு பேர் சாய்ந்து கிடந்தார்கள். சட்டையைப் பிடித்துத் துர்சினை வெளியே இழுக்கப் பார்த்தான். விரல் அளவுகூட நகரவில்லை. பெத்ரோ ஒற்றைக் கையால் ஒராஸ்பெக்கின் தோளைப் பிடித்துத் தூக்க முயன்று அலறி விட்டுவிட்டான். வண்டியைத் தூக்குகிற ஆள் என்று பேரெடுத்தவனால் தன் உடம்பைத் தானே தூக்க முடியவில்லை.

"யாராவது தூக்குங்கய்யா! என்னைத் தூக்குங்க! அவன் அடியில கெடக்கான்!" என்று கத்தினான். கத்துவதற்கு மூச்சு இழுக்கும்போதெல்லாம் துர்சின் இன்னும் நசுங்குகிறான் என்று புரிந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்துத் துர்சின் மெதுவாகச் சொன்னான்: "பரவால்லடா. உனக்குக் கீழ கதகதப்பாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. மீட்புக்காரர்கள் ஏணி வழியாக வந்து கூரையைத் திறக்கும்வரை, அடியில் மூச்சு இருக்கிறதா என்று ஒராஸ்பெக் தன் முதுகாலும் தொடையாலும் கவனித்துக்கொண்டே கிடந்தான். எந்தக் கணத்தில் அது நின்றது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் எழ முடியவில்லை.

அவனை வெளியே எடுத்தபோது வலது கை மூடியே இருந்தது. ஆஸ்பத்திரியில் விரல்களைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு கறுப்புப் பொத்தான் இருந்தது.

துர்சினை அடக்கம் செய்த அன்று ஒராஸ்பெக்கின் கால்களில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு பிடி மண் போட அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. துர்சினின் மனைவி குல்ஸிராவிடம், "அவர் உடனே போயிட்டாரும்மா. வலியே தெரிஞ்சிருக்காது," என்று பெத்ரோ சொல்லியிருந்தான். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். சொன்னதை ஆஸ்பத்திரிக்கு வந்து ஒராஸ்பெக்கிடமும் தெரிவித்தான். "நீயும் அப்படியே சொல்லிரு. பொம்பளை மனசு தாங்காது."

நாற்பதாம் நாள் விருந்துக்கு ஒராஸ்பெக் ஊன்றுகோல்களோடு போனான். ஸெய்னெப் பவுர்சாக் என்கிற மாவுப் பணியாரத்தைத் தட்டு நிறையப் பொரித்து எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். உள்ளே நுழைந்ததும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. பிறகு ஒரு கிழவர் தள்ளி இடம் கொடுத்தார். இறைச்சி வந்தது, தேநீர் வந்தது, குரான் ஓதினார்கள். எல்லாம் முடிந்து ஆட்கள் எழும்போது குல்ஸிரா ஒரு சட்டையை எடுத்து வந்து அவன் முன்னால் விரித்தாள். சுரங்கத்திலிருந்து திருப்பிக் கொடுத்த துர்சினின் சட்டை. மார்புப் பக்கத்தில் ஒரு பொத்தான் இல்லை. அந்த இடத்தில் துணி கிழிந்திருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "நீங்க எவ்வளவு கனம், அவரு எவ்வளவு கனம்?"

ஒராஸ்பெக் சட்டையின் கிழிசலைப் பார்த்தான்.

"கனமானதுதானே மொதல்ல கீழ போவும்? நீங்கதானே அடியில இருக்கணும், அவரு மேல இருக்கணும்? அவரு எப்படி உங்களுக்கு அடியில வந்தாரு?"

துர்சினின் அண்ணன் எர்மெக் சுவரோரம் நின்றிருந்தான். "என்னத்தக் கேக்கற? புடிச்சு இழுத்து அடியில போட்டுக்கிட்டான். மெத்தை வேணுமில்ல. கையில பொத்தான் இருந்துச்சுன்னு ஊரே சொல்லுதே."

"அவன் உக்காந்திருந்தான்," என்றான் ஒராஸ்பெக். "கால்துணிய சரி பண்ண உக்காந்தான். அதான் அடியில..."

"உக்காந்திருந்தா என்ன? விழும்போது நீ அவனத் தாண்டிப் போயிருக்கணும்ல? ஒரு மூட்டையையும் ஒரு கல்லையும் போட்டா எது முன்னாடி விழும்னு கொழந்தையக் கேளு, சொல்லும்."

"யாரும் யாரையும் தாண்டலப்பா. எல்லாம் ஒண்ணாத்தான் போச்சு. குடுவைகூட என் மூஞ்சிக்கு நேரா அப்படியே நின்னுச்சு."

"குடுவை நின்னுச்சாம்!" எர்மெக் மற்றவர்களைப் பார்த்தான். "வடம் அறுந்து விழுது, குடுவை நிக்குதாம். கேட்டுக்கங்க."

ஒராஸ்பெக் பெத்ரோவைப் பார்த்தான். பெத்ரோ இல்லையென்று தலையை ஆட்டினான். "நான் கண்ண மூடிட்டேன்ப்பா. பொய் சொல்ல மாட்டேன்." கூண்டில் இருந்த மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். விழும்போது கண்ணைத் திறந்திருந்தவன் ஒராஸ்பெக் ஒருவன்தான் போலிருந்தது.

ஸெய்னெப் அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் எர்மெக் அவர்கள் கொண்டுவந்த பவுர்சாக்கைத் தட்டோடு திருப்பிக் கொடுத்தான். சாவு வீட்டுக்குக் கொண்டுபோன தின்பண்டம் திரும்பி வந்தது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு ஒராஸ்பெக் சாப்பிடுவதைக் குறைத்தான். பிறகு ஏறக்குறைய நிறுத்தினான். ஸெய்னெப் சுர்பா என்கிற இறைச்சிச் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள்.

"இப்ப எளைச்சு யாருக்கு என்ன ஆவப்போவுது? செத்தவரு எழுந்து வந்துருவாரா?"

"பசிக்கல."

"பொய். ராத்திரி வயிறு கத்துது, எனக்குத் தூக்கம் வரல."

அவள் திட்டினாள், அழுதாள், முல்லாவைக் கூட்டிவந்து ஓதச் சொன்னாள். இரண்டு சட்டைகளைச் சேர்த்துத் தைத்ததை மறுபடி பிரித்து ஒற்றைச் சட்டையாக்கினாள். அவனுக்குத் துர்சினின் கேள்விதான் மண்டையில் சுற்றியது. இல்லை, குல்ஸிராவின் கேள்வி. ஆனால் அது துர்சினின் குரலில்தான் கேட்டது. 'நீதானேடா முன்னாடி போயிருக்கணும்? விரிச்சுப் படுத்திருன்னு சொன்னேனே.' தான் பார்த்தது நிஜம்தானா, அடிபட்ட மூளை கற்பித்ததா என்றுகூட அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஏப்ரலில் பனி உருகிச் சேறானதும் ஒரு நாள் பெத்ரோவைக் கூப்பிட்டான். குடியிருப்பின் கோடியில் கட்டி முடிக்காமல் விட்ட ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. ஒரு மூட்டையில் நிலக்கரி நிரப்பி அங்கே ஏற்றித் தரவேண்டும் என்றான்.

"எதுக்குடா?"

"போட்டுப் பாக்கணும்."

பெத்ரோ ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூட்டையை நல்ல தோளில் தூக்கிக்கொண்டான். ஒராஸ்பெக் ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு, கைப்பிடி இல்லாத படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்பக்கமாக ஏறினான். பாதி வழியில் ஸெய்னெப் கீழிருந்து, "எறங்கி வாங்க, ஊரு சிரிக்குது," என்று கத்தினாள். ஊர் உண்மையிலேயே கூடிவிட்டது. குல்ஸிராவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ரொட்டிக்கடை வரிசையிலிருந்து பையோடு அப்படியே வந்து நின்றாள். எர்மெக்கும் வந்தான்.

பெத்ரோ மூட்டையை விளிம்பில் வைத்தான். பக்கத்தில் முஷ்டி அளவு ஒரு நிலக்கரிக் கட்டி.

"கையால தள்ளாதே!" என்று எர்மெக் கீழிருந்து கத்தினான். "கல்ல முன்னாடி தள்ளிட்டு ஒண்ணா விழுந்துச்சுன்னு சொல்லுவ!"

அதுவும் நியாயமாகவே பட்டது. ஒரு பலகையைத் தேடி எடுத்து விளிம்புக்கு வெளியே நீட்டி, அதன்மேல் மூட்டையையும் கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பெத்ரோ பலகையைச் சட்டென்று கீழே விட்டான்.

சத்தம் ஒன்றுதான் கேட்டது.

சிலர் நம்பவில்லை. மறுபடி போடச் சொன்னார்கள். மூட்டை வெடித்துச் சிதறியிருந்தது, வேறு மூட்டை கொண்டுவந்தார்கள். இந்த முறை எர்மெக்கே மேலே ஏறிப் பலகையைப் பிடித்தான். குல்ஸிரா கிட்டே போய் நின்றாள். மறுபடியும் ஒரே சத்தம். மூட்டை விழுந்த இடத்தில் சேறு குழிந்து, அடியில் உறைந்திருந்த மண்கூடப் பிளந்திருந்தது. கட்டி விழுந்த இடத்தில் சின்னதாக ஒரு தடம். அவ்வளவுதான்.

எர்மெக் மேலே, ஒராஸ்பெக்குக்குப் பக்கத்தில், விளிம்பைப் பிடித்தபடி குனிந்து கீழே பார்த்தான். "அப்ப ஒண்ணாத்தான் விழுதா," என்றான். பிறகு ஒராஸ்பெக்கின் அக்குளில் தோளைக் கொடுத்துப் படியிறங்க வைத்தான்.

கீழே குல்ஸிரா அந்தக் குழியின் பக்கத்திலேயே நின்றாள். கூட்டம் கலைந்துவிட்டது. ஒராஸ்பெக் ஊன்றுகோலில் நின்றான்.

"நீங்க சொன்னது சரி," என்றாள் அவள். "ஒண்ணாத்தான் வந்துச்சு. நீங்க அவரத் தாண்டல."

"இல்லம்மா."

"அப்ப இழுக்கவும் இல்ல."

சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவனால் முடியவில்லை.

"தெரியல, தங்கச்சி. கையை நீட்டினேன். எதையோ புடிச்சேன். அப்பப் புடிச்சேனா, நின்னதுக்கப்புறம் அவன வெளிய இழுக்கறப்பப் புடிச்சேனா, தெரியல. நூறு தடவ நெனச்சுப் பாத்துட்டேன்."

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு கட்டி விழுந்த இடத்தையும் மூட்டை விழுந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவருக்கு மேல நீங்க இல்லாம, அவர மாதிரி ஒரு ஆளு இருந்திருந்தா?"

"பொழச்சிருப்பான்."

"ம்," என்றாள்.

"ஆமா. பொழச்சிருப்பான்."

அவள் திடீரென்று நிமிர்ந்தாள். "வெளிய இழுத்தேன்னு சொன்னீங்களே. செத்தவர எதுக்கு இழுத்தீங்க? உடனே போயிட்டாருன்னு பெத்ரோ சொன்னாரே?"

ஒராஸ்பெக் பேச்சை மாற்றப் பார்த்தான். அவள் விடவில்லை. கடைசியில் அங்கேயே, சேற்றில் நின்றபடி, எல்லாவற்றையும் சொன்னான். எழுந்திரு என்று துர்சின் சொன்னது, தன்னால் எழ முடியாமல் போனது, கதகதப்பாக இருக்கிறது என்று அவன் சொன்னது. அதைச் சொன்னபோது குல்ஸிராவிடமிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வெடித்தது. "அவருதான். அவரேதான் சொல்லியிருப்பாரு," என்றாள். அடுத்த கணம் ரொட்டிப் பையைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் அவன் மார்பில் குத்த ஆரம்பித்தாள். "எழுந்திருச்சிருக்கக் கூடாதா! ஒரு தடவ எழுந்திருச்சிருக்கக் கூடாதா நீ!" ஊன்றுகோலை விட்டால் விழுந்துவிடுவான், அதனால் கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை, தடுக்க நினைக்கவும் இல்லை. அவள் ஓய்ந்ததும் ஸெய்னெப் வந்து ரொட்டிகளைப் பொறுக்கித் துடைத்துப் பையில் போட்டு அவளை வீடுவரை கூட்டிப்போனாள்.

அதற்குப் பிறகு யாரும் ஒராஸ்பெக்கைத் தப்பாகப் பேசவில்லை. எர்மெக் பார்த்த இடத்தில் கை கொடுப்பான். ஆனால் யாரும் கேலியும் செய்யவில்லை. உடம்பு, எடை, ஒட்டகம் என்கிற பேச்சு அவன் காதுபட எங்கேயும் எழுவதில்லை. அவன் ஒரு அறைக்குள் நுழைந்தால் ஆட்கள் நாற்காலியை ஜாக்கிரதையாக நகர்த்திக் கொடுத்தார்கள். அவனைக் கேலி செய்ய உரிமையிருந்த ஒரே ஆள் மண்ணுக்கு அடியில் இருந்தான்.

சாப்பாட்டை மெல்ல மெல்லத் திரும்ப ஆரம்பித்தான், ஸெய்னெப்புக்காக. முழங்கால்கள் சரியாகவில்லை. பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் கரி தள்ளுகிற வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். குடியிருப்பில் வெகுகாலமாக இருந்த ஜெர்மானியக் குடும்பங்கள் ஜெர்மனிக்குப் போயின, பெத்ரோ வெளியூரில் இருந்த மகனிடம் போனான். பால்காஷ் ஏரிக்கரையில் இருக்கிற தன் அண்ணன் வீட்டுக்கு குல்ஸிரா மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். பேருந்து நிற்கிற இடத்துக்கு ஒராஸ்பெக் போனான். அவளுடைய இரும்புப் பெட்டியைத் தூக்கிப் பேருந்தின் கூரையில் ஏற்றினான். முழங்கால் நடுங்கியது, ஆனாலும் ஏற்றிவிட்டான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அவனைப் பார்த்தாள். தலையை அசைத்தாளா, பேருந்து கிளம்பியதில் தலை ஆடியதா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு எர்மெக் மூலம் ஒரு சேதி வந்தது. துர்சினின் மகளுக்குக் கல்யாணம், அவசியம் வரவேண்டும் என்று குல்ஸிரா சொல்லி அனுப்பியிருந்தாள். ஸெய்னெப் அன்றைக்கே பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினாள். ஒராஸ்பெக் போகிறேன் என்றான். மறுநாள் வேண்டாம் என்றான். நான் போய் நின்றால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் வரும் என்றான். போகாவிட்டால் குல்ஸிரா என்ன நினைப்பாள் என்று அதற்கும் பயந்தான். ஸெய்னெப் துணிகளை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். இப்படியே அவன் முடிவெடுப்பதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது.